தன்னைத் தானே மொழிபெயர்த்த பையன்

என்னைச் சுவிஸுக்குக் கூப்பிட்டது திட்டுவதற்கு. மலை பார்க்க வா, பனி பார்க்க வா என்று தம்பி குகன் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் சொன்னதில்லை. மாசி மாதம் தொலைபேசி எடுத்து, "அக்கா, உங்களுக்கு ஒரு கிழமை லீவுதானே. வந்து இவனுக்கு நாலு பேச்சுப் பேசிப்போட்டுப் போங்கோ" என்றான். இவன் என்றது அவனுடைய ஒரே மகன் துவாரகனை. பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்பு.

எங்கள் குடும்பத்தில் நான்தான் வாய்க்காரி. நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பையன்களும் லத்தீனோப் பையன்களும். ஊரார் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்துகிறவள் சொந்த மருமகனை விட்டுவைப்பாளா என்று தம்பிக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. பெட்டியைக் கட்டினேன்.

சுவிஸ் ரயிலின் கதவு தானாகத் திறக்காது. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தம்பி இருக்கும் பாடன் நிலையம் வந்ததும் பெட்டியோடு கதவின் முன்னால் போய் நின்றேன். நான் வசிக்கும் ஊரில் கண்டக்டர் வந்து திறந்துவிடுவார். இங்கே ஒருவரும் வரவில்லை. ரயில் வெளிக்கிட்டுவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற வயதான வெள்ளைக்காரர், கதவிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும் என்று மிக மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார். அதை முதலே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்கள் இறங்கப் போகிறீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதவை முறைத்துப் பார்ப்பவள் வேறென்ன செய்யப் போகிறாள்? ஆனால் அவர் முகத்தில் கேலி கிடையாது. அடுத்தவர் விஷயத்தில் கேட்காமல் தலையிடக் கூடாது என்பது இங்கே ஒரு ஒழுக்கமாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் பதறினான். எங்கே நிற்கிறியள், ஏன் இறங்கவில்லை, ஆரைக் கேட்டியள் என்று அடுக்கிக்கொண்டே போனான். போனை யாரோ வாங்கும் சத்தம். பிறகு ஒரு சின்னக் குரல், அவசரமே இல்லாமல்.

"மாமி, அடுத்தது புறுக். பட்டனை அமத்தி இறங்குங்கோ. இறங்கின இடத்திலேயே நில்லுங்கோ, வேற ஒண்டிலையும் ஏறாதேங்கோ. நான் வாறன்."

இருபது நிமிடத்துக்குள் தனியாக வந்து நின்றான். மெலிந்த உடம்பு, பெரிய காது. பெட்டியை வாங்கினான், எந்த மேடையில் எத்தனை மணிக்கு எங்கள் ரயில் என்பது அவனுக்கு மனப்பாடம். முதல் பெட்டியில் ஏறினால் பாடனில் படிக்கட்டுக்கு நேரே இறங்கலாம் என்றான். அப்படியேதான் இறங்கினோம். இவனையா திட்ட வந்தேன் என்று அப்போதே ஒரு எரிச்சல் வந்தது.

வீட்டில் இடியப்பம், சொதி, கணவாய்ப் பிரட்டல். தம்பிக்கு முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கியவன், படித்துச் சான்றிதழ் எடுத்து இன்று தலைமைச் சமையல்காரன். ஆனால் அவனுடைய ஜெர்மன் குசினி வரைக்கும்தான். அவன் மனைவி, என் மச்சாள் வாசுகி, ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நிற்கிறாள். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். வெள்ளிக்கிழமைகளில் தம்பியின் கோழிக்கறிக்காக இல்லத்துக் கிழவர்கள் காத்திருப்பார்களாம். உறைப்பு உறைப்பு என்று முறைப்பாடு செய்துகொண்டே இரண்டாம் தரம் கேட்பார்களாம். கதைத்துக் கதைத்துத் தேவைக்கு மேல் சாப்பிட்டேன்.

கை கழுவியதும் தம்பி எனக்கு இடம்விட்டு பால்கனிக்குப் போனான். கதவை மட்டும் சாத்தவில்லை. திட்டு காதில் விழ வேண்டும் அல்லவா. பையன் கையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து அமர்ந்தான். முதலில் குற்றம் என்ன என்று சொல்லுங்கள் என்று பெரியவர்களைக் கேட்டேன்.

குற்றம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. ஒரு பக்கத் தாள். இந்த மாநிலத்தில் ஆறாம் வகுப்பு முடிய பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். மேல் பிரிவுக்குப் பெட்சிர்க்ஸ்சூலே என்று பெயர். எங்கள் ஆட்கள் சுருக்கமாக பெட்ஸ் என்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேரான வழி அது. நடுப் பிரிவு செக். கடைசிப் பிரிவு றியால். பரீட்சை கிடையாது. வகுப்பு ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்து, இவனுக்கு இது என்று ஒரு பரிந்துரை எழுதுவார். பெற்றோர் ஒப்புக்கொண்டால் கையெழுத்து. அந்தத் தாளில் செக் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தம்பி இரண்டு கிழமையாக அதைத் தொடவில்லை.

ஆசிரியை என்ன சொன்னார் என்று கேட்டேன். பால்கனியிலிருந்தே பதில் வந்தது. வகுப்பில் வாய் திறக்கிறானில்லையாம், கை உயர்த்துகிறானில்லையாம், ஜெர்மன் இன்னும் வேண்டுமாம், செக் நல்லதாம்.

"நீ என்ன சொன்னனி?"

"ரீச்சர் சொன்னால் சரிதானே அக்கா. அவவை விட எங்களுக்குத் தெரியுமோ?"

மாணவர் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னேன். இங்கே ஆறுதான் உச்சப் புள்ளி. கணக்கில் ஐந்தரை. இயற்கை அறிவில் ஐந்தரை. ஜெர்மன் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. மூன்று தரம் பார்த்தேன். அன்று நான் ஒருவரையும் திட்டவில்லை. நேர வித்தியாசத்தில் தலை சுற்றுகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோசை சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் எட்டாம் வகுப்புக்காரர்களுக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்றை அவனிடம் நீட்டினேன். இரண்டாவது தோசை வருவதற்குள் முடித்து, பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான். முடிந்ததா என்று நான் கேட்கும்வரை ஒரு சொல் இல்லை. விடை சரி. வழி, நான் படிப்பிக்கும் வழியைவிடச் சின்னது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால் தோளைக் குலுக்குகிறான். கெட்டிக்காரன் என்றேன். தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். பாடனில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது. ஊரிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரித்தான், அவித்த முட்டை நாற்றம் உட்பட. ஆனால் இங்கே வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவதில்லை. ஆற்றோரம் தொட்டி கட்டி இலவசமாக விட்டிருக்கிறார்கள். வெளியே கால் விறைக்கும் குளிர், உள்ளே தாங்கக்கூடிய சூடு. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கரையில் இருந்து காலைத் தொங்கவிட்டோம். சந்தையில் வாங்கிய சுட்ட கஷ்கொட்டை மடியில். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மலையை வேறு யாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சுவிஸ் பெண்கள் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். கதை பலமாக இருந்தது. என்ன கதைக்கிறார்கள் என்று காதோடு கேட்டேன். பையன் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். சிவப்புத் தொப்பிக்காரியின் மகனும் ஆறாம் வகுப்பாம். ரீச்சர் செக் என்று தொடங்கினாராம். இல்லை, என் மகன் புத்திசாலி, சோம்பல் இருக்கிறது, அது வயசுக்கோளாறு, பெட்ஸுக்குத்தான் அனுப்புவேன் என்று நேரே சொல்லிவிட்டாளாம். மற்றவள், நீ சொன்னது நல்லது, சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்றாளாம். தொப்பிக்காரி தன் புருஷன் பக்கத்தில் மரக்கட்டை போல இருந்தானென்று சொன்னதைக்கூட விடவில்லை. அவள் குரலை வேறு பிடித்துக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு சொல் விடாமல் இவ்வளவு அழகாக மொழிபெயர்க்கிறான்.

"உங்கட மீட்டிங்கில ஆர் மொழிபெயர்த்தது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"ரீச்சர் சொன்னதில என்னத்தை விட்டனி?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ரீச்சர் என்ன சொன்னார் என்று பிள்ளையிடம் கேட்டால், அவன் ஏற்கெனவே சொன்னதைத்தான் திரும்பச் சொல்வான். எதை விட்டாய் என்று கேட்க வேண்டும். அவன் கஷ்கொட்டைத் தோலை ஒவ்வொன்றாக ஆற்றில் எறிந்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதல் வரிசை என்று ரீச்சர் சொன்னாராம். வீட்டில் விரும்பினால் பெட்ஸுக்கே பரிந்துரை எழுதலாம், கொஞ்சம் வாய் திறந்தால் போதும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக் கேட்டாராம். இவன் அதில் வாய் திறக்காததையும் ஜெர்மனையும் மட்டும் எடுத்துத் தமிழில் சொல்லி, செக் நல்லதாம் என்று முடித்திருக்கிறான்.

"ஏனடா?"

"அதெல்லாம் எப்பிடி மாமி சொல்லுறது? என்னைப் பற்றி நானே அப்பாவுக்குச் சொல்லுறதோ?"

அவன் குரலில் பொய்யில்லை. வெட்கந்தான். தன் வாயால் தன்னைப் புகழாதே என்று நாங்கள்தானே சொல்லி வளர்த்தோம்? அந்தப் பிள்ளை சொன்னபடி நடந்திருக்கிறான். இன்னொன்றும் வெளியே வந்தது. அவனைப் படிப்பிக்க நாங்கள் என்ன பாடும் படுவோம், பெட்ஸுக்குப் போக ஏலாதோ என்று அப்பா கேட்டதை, செக்குக்கு அப்பா அம்மாவுக்குச் சம்மதம் என்று ஜெர்மனில் சொல்லியிருக்கிறான். அப்பாவின் கண் கலங்கியிருந்ததாம். அதை ரீச்சருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம்.

அங்கே இருந்துகொண்டே எனக்குப் பற்றி எரிந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. என் மேல்தான்.

போன கார்த்திகையில் என் பள்ளியில் இதையே நானும் செய்தேன். ஹெக்டர் என்று ஒரு பையன், தாய்க்கு ஸ்பானிஷ் மட்டும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. மாலை ஐந்து மணி, எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். நீயே சொல்லு என்று அவனிடம் விட்டேன். உங்கள் மகனை மேல்நிலைக் கணக்குக்கு ஆயத்தப்படுத்தும் காலை வகுப்பில் சேர்க்க விரும்புகிறேன், பள்ளி தொடங்க ஒரு மணித்தியாலம் முன்னால் வர வேண்டும் என்றேன். அவன் எதையோ சொன்னான், தாய் தலையாட்டி நன்றி சொன்னாள், அவன் வகுப்பில் சேரவேயில்லை. அக்கறையில்லாத குடும்பம் என்று மனதுக்குள் எழுதிவைத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, காலையில் தங்கச்சியைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அவன். தாய் அதற்காக வேலையை மாற்றிவிடுவாளோ என்று பயந்து, அந்த வகுப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சுவார்த்தையை அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயிலேயே கொடுத்துவிட்டு, குடும்பத்துக்கு அக்கறையில்லை என்று எழுதுகிறோம். நல்ல பிள்ளையாக இருந்தால் தன்னைப் பற்றிய நல்லதைத்தான் முதலில் வெட்டுவான்.

கறுப்பினப் பையன்களுக்கு மொழிப் பிரச்சினை இல்லையே என்பீர்கள். அங்கே வெட்டுகிறவர்கள் நாங்கள். முன்பெல்லாம் என் பள்ளியில் மேல்நிலைக் கணக்குக்குப் பிள்ளைகளை எடுப்பது ஆசிரியரின் பரிந்துரையில். நிறையக் கதைக்கிறவனுக்கு இன்னும் பக்குவமில்லை என்று எழுதுவோம். கதைக்காதவனுக்கு ஆர்வமில்லை என்று எழுதுவோம். இரண்டிலும் அதிகம் அகப்பட்டது யார் என்று ஒருநாள் தாளைப் பரப்பிப் பார்த்தபோது, ஆசிரியர் அறையில் ஒருவரும் ஒருவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சண்டை போட்டு மாற்றினோம். இப்போது புள்ளி இருந்தால் பெயர் தானாகச் சேரும். வேண்டாம் என்றால்தான் பெற்றோர் வந்து கையெழுத்திட வேண்டும். அதோடு, வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பையனின் வீட்டுக்கும் நல்ல செய்தி ஒன்றைச் சொல்லத் தொலைபேசி எடுக்கிறேன். பள்ளியிலிருந்து என்றதும் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி, என்ன செய்துபோட்டான்? ஒன்றும் செய்யவில்லை, பின்னக் கணக்கை நன்றாக விளங்கப்படுத்தினான், அதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றால் நம்பாமல் இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்கள். சுவரில் ஒட்டும் உற்சாக வாசகங்கள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு இந்த இரண்டையும் செய்தால் போதும்.

இதையெல்லாம் தெரிந்தவள்தான் ஹெக்டரை மொழிபெயர்க்க விட்டவளும்.

அன்று மாலை தம்பி வேலையால் வந்ததும் திட்டத் தொடங்கினேன். அவனைத்தான். மகனை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லி எந்தப் பள்ளிக்கூடம் கேட்டது என்றேன். பள்ளி கேட்கவில்லையாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தமிழிலேயே கடிதம் வந்ததாம். தம்பிதான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஏன் என்றதற்கு வாசுகிதான் வாய் திறந்தாள். "மொழிபெயர்க்க வாறது சாந்தி அக்கா, மச்சாள். கோயில் மடப்பள்ளியில நிக்கிறவ. இவர் பயந்துபோனார்."

தம்பி பொங்கினான். "பின்னை என்ன? என்ர பிள்ளை பெட்ஸ் இல்லையெண்டு வெள்ளிக்கிழமை கதைச்சால் ஞாயிறு பூசைக்கு முதல் பாடன் முழுக்கத் தெரியும். பாசல் வரைக்கும் போகும்."

அவன் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஆனால் ஊர் கதைக்கும் என்ற பயத்தில், ஊர் கதைத்திருந்தால்கூடப் பெருமைப்படக்கூடிய செய்தியைக் கேட்காமலே விட்டவன் உலகத்தில் இவன் ஒருவன்தான். பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். வாசுகி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி மகனைப் பார்த்தான், பையன் தரையைப் பார்த்தான். பிறகு தம்பி, இனி என்ன அக்கா செய்யிறது என்று கேட்டான். ரீச்சருக்கு எழுது, இன்னொரு தரம் கதைக்க வேண்டும் என்று கேள், சாந்தியைக் கூப்பிடு என்றேன். கேட்டால் கோபிப்பார்களே என்றான். கோபித்தால் நான் இருக்கிறேன் என்றேன்.

ரீச்சர் கோபிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. வியாழக்கிழமை நாலு மணி.

புதன்கிழமை மத்தியானம் தம்பி என்னைத் தன் முதியோர் இல்லத்துக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான். உருளைக்கிழங்கைத் துருவி வட்டமாகப் பொரித்த ரோஸ்டி. தம்பி என்னுடையதில் மட்டும் களவாகச் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டிருந்தான். எனக்கு முன்னால் இருந்த கிழவர் என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கும் அதுதான் வேண்டும் என்று தம்பியைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், சத்தத்தில் விளங்கியது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு பிடி பிடித்தேன். நல்ல சாப்பாடு.

வியாழக்கிழமை தம்பி கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டான். பள்ளி வாசலில் சாந்தி நின்றார். ஐம்பது வயது, நீலக் கோட்டு, கையில் குறிப்புப் புத்தகம். எங்கள் நாலு பேரையும் கண்டதும் முதலில் சொன்னது, "அண்ணை, உள்ளுக்குக் கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது. எழுதிக் கையெழுத்து வைச்சுத்தான் இந்த வேலைக்கு நிக்கிறன். மடப்பள்ளியில நான் வேற ஆள்." தம்பியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை வீட்டு ஆண்கள் இவரை இப்படி ஒதுக்கியிருப்பார்களோ.

வகுப்பறையில் சின்னக் கதிரைகள். என் முழங்கால் நாடிக்கு வந்தது. வெங்கர் ரீச்சர் முப்பது வயதுக்காரி, மலையேறும் சப்பாத்து, ஒழுங்காகச் சீவாத தலை. சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அவர் இடமே தரவில்லை. போன தடவை துவாரகனையே மொழிபெயர்க்க விட்டது தன் பிழை என்று தொடங்கினார். பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும் தான் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்றார். சாந்தி வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் தந்துகொண்டிருந்தார். தம்பியும் வாசுகியும் சாந்தியைப் பார்க்கவில்லை, ரீச்சரின் வாயையே பார்த்தார்கள்.

கணக்கில் வகுப்பின் முதல் மூன்று பேரில் துவாரகன் ஒருவன் என்றார். கை உயர்த்துவதில்லை, ஆனால் பக்கத்திலிருப்பவன் தடுமாறினால் தன் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்து மெல்லச் சொல்லிக் கொடுப்பான், இரண்டு தரம் தள்ளி நின்று கேட்டிருக்கிறேன், அப்படி விளங்கப்படுத்த எனக்கே வராது என்றார். மேல் பிரிவில் சமாளிப்பான் என்று தான் முதலே நினைத்ததாகவும், குடும்பம் செக் போதும் என்று சொன்னதாக விளங்கிக்கொண்டு அப்படி எழுதியதாகவும் சொன்னார். பரிந்துரையை மாற்ற இன்னும் ஒருநாள் இருக்கிறது. உங்கள் விருப்பம் என்ன?

சாந்தி முடித்தார். வாசுகி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். இனிச் சுபம் என்று நான் மூச்சுவிட்டேன்.

என் தம்பி நெளிந்தான். சிரித்தான். கையை வேறு ஆட்டினான்.

"இல்லை இல்லை, அப்பிடி ஒண்டும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. வீட்டில சரியான சோம்பேறி. எந்த நேரமும் போனும் கையும்தான்."

தன்னைக் குறைத்துச் சொல்ல மகன் எங்கே படித்தான் என்று இனியும் கேட்க வேண்டுமா? யாராவது பிள்ளையைப் புகழ்ந்தால் உடனே மறுக்க வேண்டும், கண்படும். ஊரில் பந்தியில் கதைக்கும் கதையை இங்கே ஒரு சுவிஸ்காரியின் மேசையில் வைத்துவிட்டான். அவருக்கு இது அடக்கமாகவா கேட்கும்? தகப்பனே சொல்கிறார் என்று அல்லவா கேட்கும். பையன் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

ரீச்சர் சாந்தியைப் பார்த்தார். சாந்தி ஜெர்மனில் ஒன்றும் சொல்லவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொல்லுறதில ஒரு சொல்லும் விடாமல் சொல்லோணும், அதுதான் என்ர வேலை. இதையும் சொல்லவோ?"

இருபத்திரண்டு வருடத்தில் பெற்றோர் சந்திப்பு ஒன்றில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். தம்பி சாந்தியைப் பார்த்தான். பிறகு மகனைப் பார்த்தான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ரீச்சரும் காத்திருந்தார். கேட்காமல் தலையிடாத அந்த ஒழுக்கத்துக்கு முதல் தடவையாக மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"அதை விடுங்கோ" என்றான் தம்பி. "என்ர மகனுக்கு ஏலும் எண்டு சொல்லுங்கோ. அவன் கெட்டிக்காரன். பெட்ஸுக்குப் போகோணும் எண்டுதான் நாங்கள் ரெண்டு பேரும் விரும்புறம். போன முறையும் அதைத்தான் கேட்டனான்."

சாந்தி சொன்னார். ஒரு சொல்லும் விடவில்லை என்று பையனின் காதைப் பார்த்தே தெரிந்தது. இரண்டு காதும் சிவந்துவிட்டன. தன்னைப் பற்றித் தகப்பன் சொன்னதைத் தமிழில் ஒரு தரமும் ஜெர்மனில் ஒரு தரமும் கேட்டான். இந்த முறை அவன் எதையும் சுமக்கத் தேவையில்லை. சும்மா இருந்து கேட்டால் போதும்.

ரீச்சர் தாளில் ஏதோ எழுதிவிட்டு நிறுத்தினார். பெரியவர்களை விட்டுவிட்டு அவன் பக்கம் குனிந்து, நீ என்ன சொல்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டார்.

அவன் சுரண்டிய இடத்தை உள்ளங்கையால் தடவினான். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும் குரலில், நாலே சொல்லில் பதில் சொன்னான்.

சாந்தி தமிழில் சொல்வதற்காகத் தம்பி பக்கம் திரும்பினார். தம்பி கையைக் காட்டி அவரை நிறுத்தினான். அவன் கண் மகனை விட்டு எடுபடவில்லை.

"வேண்டாம்" என்றான். "ஓம், என்னால ஏலும் எண்டுறான். அது எனக்கு விளங்கினது."